போட்டோவில் பூத்திருந்த செடி

— இந்த ஒத்தப் போட்டோவுக்காகவா ரஞ்சனி?

— ஆமாங்க. மெதுவாப் பேசுங்க. அப்பா அந்தக் கடையில தேங்காய்க்கு வெல பேசிட்டு இருக்காரு. ஜீப்பு வந்ததும் கரடியூருக்குக் கெளம்பிருவோம்.

— முன்னெல்லாம் வாடா போடான்னுதான் பேசுவ. இப்ப என்ன புதுசா ‘ங்க’?

— வர்ற புதன்கெழமை எனக்குக் கல்யாணமுங்க. இனி நீங்க மூணாம் மனுசரு.

— நான் என்னென்னமோ நெனச்சேன். சர்ச்சுக்குப் போறவன்னு உங்கூட்டுல ஒத்துக்கலியோ, உனக்கே என்னைப் புடிக்காமப் போயிருச்சோன்னு. காரணம் சொல்லாம நம்பர பிளாக் பண்ணிட்டியே. இந்தப் போட்டோவ நான் இப்பத்தான் மொதமொதப் பாக்கறேன்.

— சேர்வராயன் மேல சத்தியமா?

— உங்க சாமி மேலயும் எங்க சாமி மேலயும். ரெண்டு பேரும் சாட்சி.

— எங்கூட்டுல அப்பா ஒத்துக்கிட்டாருங்க. அதச் சொல்லத்தான் அன்னிக்குப் போன எடுத்தேன். தொறந்தா எங்க ஊர் வாட்ஸப் குரூப்புல இது வந்து கெடக்குது.

— என்னன்னு எழுதியிருக்கு?

— நீங்களே படிங்க. ‘இன்னிக்கு மத்தியானம் எடுத்தது. எஸ்டேட்டுக் கணக்கெழுதுற ரைட்டர் மவன் ஆசிரும் அவரோட புதுக் கூட்டாளியும். பொண்ணு வெச்சிருக்கறவங்க உசாரா இருங்க.’ கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. அப்பாவும் பாத்தாரு. அடுத்த வாரமே மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சிட்டாரு.

— யாரு எடுத்தாங்க?

— தெரியலைங்க. சிவக்குமார் மாமா போட்டாரு.

— அவரா எடுத்தாரு?

— இல்லீங்க. அவருக்கு யாரோ அனுப்புனாங்களாம்.

— அந்த யாரோவுக்கு?

— இன்னொரு யாரோ. என்ன, வக்கீலாட்டம் கேக்கறீங்க? இதுல இருக்கறது நீங்கதான?

— நான்தான்.

— அப்பறம் என்ன? எதுர்ல ஒருத்தி. நீல ஸ்வெட்டரு, தலையில துண்டு, முதுகக் காட்டிட்டு நிக்கிறா. நீங்க அவளப் பாத்துச் சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்பத்தான் வெரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்த சிரிப்பு அது.

— இது வந்தது எந்த மாசம்?

— மார்கழி. காப்பிப் பழம் எடுத்துட்டு இருந்தோம். கையெல்லாம் பிசுபிசுன்னு. அந்தக் கையோடதான் போனத் தொட்டேன்.

— அப்பச் செடியெல்லாம் எப்படி இருந்துச்சு?

— செக்கச்செவேல்னு பழம். இதென்னங்க கேள்வி?

— எம் மூஞ்சிய உட்ரு. பின்னால இருக்கற செடியப் பாரு.

— இருங்க, பெருசாக்கறேன்.

— காப்பிக்காரரு மவ நீ. சொல்லு.

— பூவு.

— நல்லாப் பாரு.

— வெள்ளவெளேர்னு பூத்துக் கெடக்குது. இப்ப இந்த ரோட்டோரம் பூத்திருக்காப்பல.

— மார்கழியில எந்தச் செடி இப்படிப் பூக்கும்?

— பூக்காது. கோடமழ பேஞ்சாத்தான்... அய்யோ. குரூப்புல அத்தன பேரும் காப்பி வெச்சிருக்கறவங்க. ஒருத்தருக்குமா தோணல?

— எல்லாரும் ஆளத்தான் பாத்தாங்க. பூவப் போட்டோ எடுக்க வந்த எவனோ இத எடுத்திருப்பான். மாசக்கணக்கு கழிச்சு இன்னொருத்தன் கீழ கதை எழுதியிருக்கான்.

— சரிங்க, பழைய போட்டோவாவே இருக்கட்டும். போன பூ சமயத்துல நாம பேசிட்டுத்தான இருந்தோம்? அப்பயே ஒருத்தி இருந்திருக்கா. இது இன்னும் நொம்ப மோசம்.

— இருந்தா. மழையில தொப்பலா நனைஞ்சு, பல்லு தந்தியடிக்க எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. ஆன்மேரி அக்கா தன்னோட ஸ்வெட்டரப் போட்டு, தலையில துண்டும் சுத்திவிட்டுச்சு. நான் ரோட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்தேன். ‘இத்தன பூ வாசத்துலயும் உங்கக்கா ஸ்வெட்டரு கருவாடு நாறுது’ன்னா. அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சேன்.

— ஆசிரு...

— அவ செருப்பப் பாரு. வாரு அந்துபோயி ஊக்கு மாட்டியிருக்கு.

— டேய். அது நான்டா.

— நீதான்.

— என் முதுக நான் எங்கடா பாத்திருக்கேன்? ஸ்வெட்டரக் கூட அன்னிக்கே கழட்டிக் குடுத்துட்டேன். ஒரே ஒரு வார்த்த உங்கிட்டக் கேட்டிருந்தா...

— கேட்டிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்.

— ரஞ்சனீ! ஜீப்பு வந்துருச்சு. வா சாமி!

— இதோ வர்றேன்ப்பா! ஆசிரு, பத்திரிகை குடுத்தாச்சுடா. பந்தலுக்கு மூங்கில் எறக்கியாச்சு. என்னக் கட்டிக்கப்போற மனுசன் என்ன தப்புப் பண்ணுனாரு? நான் என்னடா பண்ணட்டும்?

— அழாத. அப்பா பாக்கறாரு.

— இந்தச் சனியன இனி எங்கண்ணால பாக்க மாட்டேன். இப்பவே அழிச்சிர்றேன்.

— கண்ணு, எல்லாரும் ஏறியாச்சு! அங்க யாருகூட நின்னு பேசிட்டு இருக்கற?

— அழிச்சிராத ரஞ்சனி. அத எனக்கு அனுப்பிட்டுப் போ. நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கற போட்டோ அது ஒண்ணுதான்.