மெல்ல இழுத்தால் வளரும்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் ஆளுக்கொரு கவிதை படித்துவிட்டு அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அக்காவின் கணவர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, வணக்கம்.

நரம்பணு ஆய்வாளர், பேராசிரியர், நம் எல்லோருக்கும் ஜெல்லி அக்கா. போய்விட்டார். பக்கத்து அறையிலிருந்து பல வருடம் அவரோடு மல்லுக்கு நின்றவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

என்ன பிடிவாதம் அது! நாங்கள் நரம்பணுக்களைக் கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தோம். இவர் மட்டும் மூளையைப் போலக் கொழகொழவென்று ஜெல்லி செய்து, அதன்மேல் வளர்த்தார். "உன்னைக் கருங்கல்லுல படுக்க வச்சா உனக்குத் தூக்கம் வருமாடா?" என்று என்னைக் கேட்டார். இரண்டையும் நுண்ணோக்கியில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். கிளைகள் வேறு, போக்கு வேறு!

அதோடு விட்டாரா? இழுக்க ஆரம்பித்தார். குழந்தையின் கால் நீளும்போது அதற்குள் ஓடும் நரம்பு எப்படி நீள்கிறது? வளர்கிற எலும்பு மெல்ல இழுக்கிறது, நரம்பும் கூடவே வளர்கிறது. "அதையே நான் மெஷின் வச்சு செய்யறேன். நரம்பு அறுந்துபோன கைக்கு ஒருநாள் இது உதவும்" என்றார். நிதிக்குழு என்ன சொன்னது? "வளர்றதுக்கு மருந்து கேள்விப்பட்டிருக்கோம், இழுவை கேள்விப்பட்டதில்லையே மேடம்!" அன்று விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இன்று கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஐயா, அந்த நரம்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன! மாடியில் கடைசி அறையில், மின்சாரத்தில் உடல் சூட்டைக் காக்கும் இன்குபேட்டருக்குள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் மூன்று வாரம் இழுத்தால் அவர் நினைத்த நீளம் வந்துவிடும். ஆனால் அறைக் கதவில் என்ன ஒட்டியிருக்கிறது? வெள்ளிக்கிழமை மின்சாரம் நிறுத்தப்படுமாம், அறை கூட்ட அறையாகுமாம்!

ஓடிப்போய் இயக்குநரிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க, ரெண்டு நாள்ல வேகமா இழுத்து முடிச்சிடுங்களேன்" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது! வேகமாக இழுத்தால் அறுந்துபோகும் என்றுதானே அந்த மனுஷி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார்? ஒருவர் காதிலாவது ஏறியதா?

இந்த அரங்குக்கு அக்காவின் பெயர் வைப்பதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவருடைய கணவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, உங்களுக்குப் போன் போட்டு, இன்னைக்கு எவ்வளவு இழுத்தீங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தா. நீ சாப்பிட்டியான்னு என்னை ஒருதடவைகூடக் கேட்கலை. கோபமா வந்துச்சு. இப்ப அவ கை பட்டதுல உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான் தம்பி. அதையாவது விட்டுவைக்கச் சொல்லுங்க" என்றார்.

அக்கா, என் வேலையை ஓரமாக வைத்துவிட்டேன். உங்கள் நரம்புகளுக்குத் தினமும் நான் ஊட்டம் மாற்றுகிறேன், நான் இழுக்கிறேன், நீங்கள் சொன்ன வேகத்திலேயே இழுக்கிறேன். இது சத்தியம்.

அடுத்து மௌன அஞ்சலி என்கிறார்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம்! மின்சாரத்தில் கைவைக்க மாட்டோம் என்று இயக்குநர் அவர்கள் முதலில் இந்த மைக்கில் சொல்லட்டும். அதுவரை நான் இறங்கப்போவதில்லை. வாருங்கள் ஐயா, அவர் வீட்டுக்காரர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.