மெட்ராஸுக்கு ஒரு மணி நேரம்

கணபதி ஸ்டாப்புக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்: "மெட்ராஸுக்கு பஸ்ஸுல போயிருந்தா ப்ளேனை விட வெரசாப் போயிருப்பனுங்க."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "அதெப்படிங்க? மெட்ராஸுக்கு பஸ்ஸுல பத்து மணி நேரம். ப்ளேன்ல ஒரு மணி நேரந்தானுங்களே?"

"நானும் அதையேதானுங்க போன்ல சொன்னேன். அக்கா ஊட்டுக்காரரு தவறிட்டாருன்னு சாயங்காலம் சேதி வந்துச்சு. அப்பவே பஸ் ஏறியிருக்கோணும். காத்தால ப்ளேன்ல வாரேன், நான் வராம எடுத்துறாதீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்புறம்?"

"ப்ளேன் ரிப்பேருங்க. மத்தியானம் மூணு மணிக்குத்தான் கெளம்புச்சு. பொறந்த ஊட்டுல இருந்து அக்காவுக்குப் போடவேண்டிய கோடிச் சேலை என் பையில கெடக்குது. அங்க அக்கா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்துச்சாம். கடைசியில, பஸ்ஸுல வந்த பங்காளி ஒருத்தரு கடையில ஒரு சேலை வாங்கிப் போட்டுட்டாருங்க. நான் போறப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அக்கா என்ன சொன்னாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு பேரு பாக்கட்டும்னு போர்டிங் கார்டைச் சட்டைப் பையில வெளிய தெரியற மாதிரி வெச்சிருந்தேன். அக்காதான் அதை உள்ள தள்ளி உட்டுச்சு."