மூன்றாம் பாகத்துக்குக் காத்திருப்பவர்கள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: “அந்த டிராகன் மூணாம் பாகத்துல உயிரோட இருக்குதான்னு உங்கண்ணனோட பிளாக் படிக்கறவங்க கேக்கறாங்க தம்பி. நான் என்னன்னு பதில் எழுதறது?”

பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த இளைஞன் கேட்டான்: “அண்ணன் அந்தப் புக்க முடிக்கவே இல்லைங்களா அண்ணி?”

“முதல் ரெண்டு பாகத்துக்கும் பிளாக்ல விமர்சனம் எழுதிட்டாரு. இது பாதிதான் படிச்சாரு. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப லாரி மோதுன அன்னிக்கும் பையில இதுதான் இருந்துச்சு.”

“ஆறு மாசம் ஆச்சுங்க. அண்ணன் இறந்துட்டாருன்னு பிளாக்ல ஒரு வரி போட்டுடலாம். பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்குதில்ல?”

“இருக்குது. வாராவாரம் பிரவுசிங் சென்டர் போயி பாத்துட்டுத்தான் வர்றேன்.”

“அப்புறம் ஏங்க போடல?”

பஸ் சூளகிரியைத் தாண்டியது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“சொந்தக்காரங்க யாரும் இப்பல்லாம் அவரு பேர எடுக்கறதில்ல தம்பி. எடுத்தா நான் அழுதுடுவேன்னு பயப்படறாங்க. பிளாக்லதான் ‘எங்க போனீங்க, எப்ப எழுதுவீங்க’ன்னு இன்னும் அவர கேட்டுட்டே இருக்காங்க. சொல்லிட்டா அதுவும் நின்னுடும்.”

இளைஞன் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. கிருஷ்ணகிரியில் இறங்கியதும் அவளேதான் கேட்டாள்.

“இங்க பக்கத்துல பிரவுசிங் சென்டர் இருக்குதா?”

“ரவுண்டானாகிட்ட ஒண்ணு இருக்குதுங்க.”

“நீயும் வா. பாவம், அவங்களும் எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்க? நான் சொல்றேன், நீ டைப் பண்ணு.”

அவன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.