வெள்ளிக்கிழமை டேப்

— மூச்சப் புடிச்சிட்டு நிக்காதீங்க நாகேந்திரன் சார். கம்ப்யூட்டர் டேப் நல்லாத்தான் ஓடுது.

— அறுந்துடாதே ரோஷினி? பதினேழு வருஷம் ஆச்சும்மா.

— டேப் முப்பது வருஷம்கூடத் தாங்கும் சார். அதப் படிக்கிற மிஷின்தான் முன்னாடியே செத்துடும். இந்த மாடல் மிஷினத் தேடி நான்தான் பேஜாராயிட்டேன். எங்க வெச்சிருந்தீங்க இத?

— பீரோவுல. ஷூ டப்பாவுல போடுவாங்களே, ஈரம் இழுக்கிற பாக்கெட்டு, அத வருஷா வருஷம் மாத்துவேன். தனிக்கட்டைக்கு வேற இன்னா வேல.

— கம்பெனியே மூடியாச்சுன்னீங்க. அப்பிடி இன்னா சார் இருக்குது இதுல?

— ஒரு ராஜினாமா லெட்டர். யோகலட்சுமின்னு ஒரு பொண்ணு. குடியாத்தத்துலேருந்து பஸ்ல வரும். ஆம்பூர்ல எங்க ஷூ கம்பெனி கம்ப்யூட்டர் ரூம்ல எனக்குக் கீழ வேல. நான் லீவுல இருந்தப்ப வேலைய விட்டுட்டுப் போய்ட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஏன்னு கேக்கலாம்னா, போன மாசம் தவறிட்டாளாம்.

— வந்துடுச்சு சார். 'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்.'

— அப்புறம்?

— அவ்ளோதான்.

— இந்த ஒரு வரிக்கா இத்தினி வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்.

— இருங்க. கம்ப்யூட்டர டேப்புல நகலெடுத்த பேக்கப் விவரமும் இதுலயே பதிவாயிருக்குது. வெள்ளிக்கிழம மத்தியானம்தான் எடுப்பீங்களா?

— ஆமா. எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போய்டுவாங்க, கம்ப்யூட்டர்ல யாரும் கை வெக்க மாட்டாங்க. ரூம்ல அவ ஒருத்திதான். நான் கீழ குடோன்ல சாப்பிட உக்காருவேன்.

— வாரா வாரம் ஒரே எர்ரர் சார். டேப் பூட்டியிருக்குது, எழுத முடியலன்னு.

— அத ஏன் கேக்கற. சோத்துல கை வெக்கிறப்பதான் ஃபோன் வரும். 'சார், டேப் எழுத மாட்டேங்குது, கொஞ்சம் மேல வாங்க.' போய்ப் பாத்தா டேப் ஓரத்துல இருக்கிற சின்னத் தாழ்ப்பாள் மூடியிருக்கும். தெறந்து குடுத்துட்டு வந்துடுவேன். எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தும் மண்டையில ஏறல. கடசியில மேனேஜர் வக்கார் அகமது சார்கிட்டச் சொல்லி, பேக்கப் வேலைய ஜெயப்பிரகாஷுக்கு மாத்திட்டுத்தான் லீவுல போனேன்.

— அவர் எடுத்ததுதான் இந்த டேப்பு. லெட்டர் அடிச்சது அதே வெள்ளிக்கிழம, பேக்கப்புக்கு இருவது நிமிஷம் முன்னாடி.

— எர்ரர் வந்துதா?

— இல்ல.

— பாத்தியா. அவன் கவனமான ஆளு.

— சார், இந்தத் தாழ்ப்பாளத் தொட்டுப் பாருங்க. தானா மூடாது. நகத்த விட்டு நெம்பினாத்தான் மூடும்.

— இன்னாம்மா சொல்ற?

— யாரோ வேணும்னே வாரா வாரம் மூடியிருக்காங்க. ரூம்ல அவங்க ஒருத்திதான்னு நீங்கதான் சொன்னீங்க.

— நான் மேல போறப்பல்லாம் அவ மேசைல சாப்பாட்டுத் தட்டு ரெண்டு இருக்கும்மா. இன்னொண்ணு யாருக்குன்னு ஒரு நாள்கூட நான் கேக்கல.