ஓனரே குறை சொன்ன வண்டி

— கேளுங்கண்ணே, நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்க. எஞ்சின்ல ஒரு கடகடப்பு வருது பாருங்க. தேவனாம்பட்டணத்துல சின்னப் புள்ளையிலேருந்து மீன்புடி போட்டு ஓட்டுறவன் நான். டீசல் எஞ்சினுக்கு இருமல் வந்தா எனக்கு உடனே தெரிஞ்சுடும். இன்னா சொல்றீங்க?

— நானும் மஞ்சக்குப்பத்துல கெளம்புனதுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன், பூவராகன் தம்பி. சத்தம் மட்டுமா? இந்த ஸ்டேரிங்கப் பாருங்க. எங்க குமராட்சியில கிழட்டு மாடு ஒண்ணு இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் திரும்பும். அது மாதிரியே இருக்கு இதுவும்.

— ஐயையோ, ஓட்டுற நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே?

— உள்ளதச் சொல்றதுக்கு என்னா தம்பி? நான் வெவசாயம் பண்றவன். மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு எனக்குத் தெரியாது.

— சும்மா சொல்லக் கூடாது சடையப்பண்ணே, உங்கள மாதிரி ஆள நான் பாத்ததில்ல. சரி, பிரேக்கு? ஆலப்பாக்கத்துல ஆடு குறுக்க வந்தப்ப எனக்கு உசுரே போயிடுச்சு.

— உங்களுக்குமா? நான் மிதிச்சது அங்க, வண்டி நின்னது எங்க! ஆட்டுக்கு ஆயுசு கெட்டி.

— ஏண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா?

— கேளு தங்கச்சி. பின்னாடி சீட்டுல பேசாம வர்றியேன்னு பாத்தேன். ஒக்கார வசதியா இருக்கா?

— வசதிக்கு இன்னாண்ணே குறை? சீட்டுக்கு வெள்ளத் துண்டெல்லாம் போட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்காந்திருக்கேன். அந்த ஆலப்பாக்கத்துப் போலீஸ்காரரு வெறப்பா நின்னு சல்யூட்டு வச்சாரே, உங்களுக்குத் தெரிஞ்சவரா?

— எனக்கா? உங்க வூட்டுக்காரருக்கில்ல வச்சாருன்னு நெனச்சேன்!

— இவருக்கா? போலீச எதுக்கப் பாத்தா இவரு அடுத்த தெருவால போறவரு.

— வள்ளி, செத்த சும்மா வாயேன்.

— புதுச்சத்திரம் வந்துடுச்சு தம்பி. ஓரமா நிறுத்துறேன். ரேடியேட்டர்ல தண்ணி பாத்துட்டு, அப்படியே மூணு டீ சொல்லிட்டு வந்துடுறேன். நீங்க எறங்காதீங்க, வெயில் கொளுத்துது.

— அந்தாள் போயிட்டாரு. வெரசாச் சொல்லு வள்ளி, எப்படி?

— எனக்கு இந்த வண்டி வேணும்யா.

— மெதுவாப் பேசு!

— மெதுவா என்னா மெதுவா? டிக்கியத் தொறந்து பாத்தியா நீ? என் கூடையெல்லாம் அடுக்கி வச்சாலும் மேல நீ படுத்துத் தூங்கலாம். நேத்து அந்தக் கண்டக்டரு என்னா பண்ணான்னு சொன்னேனில்ல? "மீன் கூடையோட ஏறாத, நாத்தம் புடிச்ச பொம்பள"ன்னு பஸ்ஸு பூரா கேக்கச் சொன்னான். கூடைய ரோட்டுல எறக்கி வச்சுட்டு விசிலு ஊதிட்டான். ஐஸு கரைஞ்சு ஒழுவுது, அடுத்த பஸ்ஸும் நிக்கல. சிதம்பரம் மார்க்கெட்டுக்கு நான் போய்ச் சேர்றப்ப அவஅவ வித்துட்டு வூட்டுக்குக் கெளம்பிட்டா. அந்தப் பஸ்ஸுல இனிமே நான் கால் வைக்க மாட்டேன். இன்னிக்கு இந்த வண்டிய முடிக்கலன்னா நாளைக்கு நீதான்யா கூடையத் தூக்கிக்கிட்டுப் போயி அவன் மூஞ்சியில முழிக்கணும்.

— முடிப்போம்டீ. யாரு வேணாமின்னா?

— அப்ப எதுக்கு எஞ்சினுக்கு இருமல், சளின்னு ஒளறிக்கிட்டே வந்த? நெசமாவே இருமுதா?

— இருமலா? பூன படுத்துத் தூங்குற மாதிரி இருக்கு சத்தம். தங்கம்டீ இந்த எஞ்சின். வெலயக் குறைக்க வேணாமா? அதுக்குத்தான். தரகு சின்னையன்தான் சொல்லி வுட்டான். "ஓனருகிட்ட ஏன் விக்கிறீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, கோவம் பொத்துக்கிட்டு வந்துடும். பேப்பரெல்லாம் பொறவு நான் பாத்துக்குறேன். நீங்க குறையா அடுக்கிக்கிட்டே போங்க, மனுசன் தானா எறங்கி வருவாரு"ன்னான்.

— நீ குறை சொல்ற, சரி. அவரு எதுக்குய்யா சொந்த வண்டியக் குறை சொல்றாரு?

— அதான் எனக்கும் புரியல. ரொம்ப யோக்கியமான ஆளு போல.

— யோக்கியமா? நானும் கூடையத் தூக்கித்தான் வளந்தேன். "யக்கா, என் மீனு நேத்து மீனு, வாங்காதீங்க"ன்னு எவளாவது வித்துப் பாத்திருக்கியா நீ? இதுல என்னமோ இருக்கு. வண்டியில பேய் கீய் இருக்குமோ?

— பட்டப்பகல்ல பேயி! வாய மூடு, டீயோட வர்றாரு.

— இந்தாங்க தம்பி, சூடா இருக்கு. தங்கச்சி, உனக்குச் சக்கர தூக்கலாப் போடச் சொன்னேன். குடிச்சுக்கிட்டே வெலயப் பேசிடுவமா?

— பேசிடலாம்ண்ணே. நீங்களே சொல்லுங்க.

— நீங்க சொல்லுங்க.

— பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் முந்திக்கறதா?

— இப்படியே போனா பொழுது சாஞ்சுடும். எங்க பக்கம் மாடு வாங்குனா வாயால வெல பேச மாட்டோம், துண்டப் போட்டு மறைச்சு வெரலத்தான் புடிப்போம். ஒரு வெரலு பத்தாயிரம். இந்தாங்க, என் துண்டுக்குள்ள கைய வுடுங்க. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.

— காரு வாங்குறதுக்குமாண்ணே?

— நாலு காலுக்குப் பதிலா நாலு சக்கரம். வேற என்னா வித்தியாசம்? புடிங்க.

— சரி, புடிச்சுட்டேன்... வள்ளி! நான் ஆறு புடிச்சேன், அண்ணன் அஞ்சு புடிக்கிறாரு!

— தம்பி, தம்பி! வாயத் தொறக்கக் கூடாது. அப்புறம் துண்டு எதுக்கு?

— தெரியாமச் சொல்லிட்டேண்ணே. சரி, இப்ப... ஆங்... அப்படியா?... இருங்க, இருங்க...

— ஏய்யா, எதுக்கு இப்படி முழிக்கிற? ஏத்திட்டாரா?

— ஏத்துனாப் பரவால்லடீ. நான் ஒரு வெரலு குறைச்சா அவரு இன்னொண்ணு குறைக்கிறாரு. இப்ப மூணுல நிக்குது!

— அடப்பாவி மனுசா, கைய வெளிய எடு! இன்னும் செத்த நேரம் போனா வண்டியச் சும்மாக் குடுத்துட்டு மேல காசும் குடுத்துடுவாரு.

— தங்கச்சி சொல்றது நாயந்தான். மூணுன்னா எனக்கே மனசு கேக்கல தம்பி. ஒருத்தர் வயித்துல அடிச்சு நான் என்னாத்தக் கட்டிக்கிட்டுப் போவப் போறேன்?

— எனக்கும் கேக்கலண்ணே. நாலா வச்சுக்குங்க.

— நாலு! சந்தோசம். எத்தினியோ சந்தை பாத்திருக்கேன், இப்படி ஒரு நல்ல மனசப் பாத்ததில்ல. தில்லையம்மா வெத்தல பாக்கு குடுத்து வுட்டா, எங்க வூட்டுலதான். நல்ல நேரத்துலேயே முடிச்சுடுவோம். தம்பி, கைய நீட்டுங்க.

— நீங்க நீட்டுங்கண்ணே. வள்ளி, சுருக்குப் பைய அவுரு.

— இந்தாங்க தம்பி அட்வான்சு.

— இந்தாங்கண்ணே அட்வான்சு.

— என்னா தம்பி இது?

— எனக்கு எதுக்குண்ணே காசு குடுக்குறீங்க?

— நீங்க எதுக்குத் தம்பி எனக்குக் குடுக்குறீங்க?

— வண்டி வாங்குறவன் அட்வான்சு குடுக்க வேணாமா?

— அதத்தான நானும் குடுக்குறேன்!

— ஏய்யா, ரெண்டு பேரும் வாங்குனா அப்ப விக்கிறது யாரு?

— தங்கச்சி, கொஞ்சம் இரு. தல சுத்துது. தம்பி, அப்ப இது உங்க வண்டி இல்ல?

— என் வண்டியா? உங்க வண்டின்னுல்ல நெனச்சேன்! ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு உள்ள ஒக்காந்திருந்தது நீங்கதான?

— மைதானத்து ஓரம் மரத்தடியில வெள்ள அம்பாசிடர் நிக்கும், சாவி அதுலயே தொங்கும், ஓட்டிப் பாத்துக்கிட்டே இருங்க, ஓனரு வந்துடுவாருன்னான் சின்னையன். நான் ஏறி சாவியத் திருவுறேன், நீங்க ரெண்டு பேரும் "நிறுத்துங்க, நிறுத்துங்க, நாங்களும் வர்றோம்"ன்னு ஓடியாந்து கதவத் தொறந்து ஏறுனீங்க. ஓனரத் தவுர எவன் அப்படி ஓடியாந்து ஏறுவான்?

— எங்களுக்கும் சின்னையன்தாண்ணே! மரத்தடியில வெள்ள அம்பாசிடர், ஓனரு கிட்டயே நிப்பாருன்னான்.

— படுபாவி, ரெண்டு பக்கமும் ஆள வுட்டு வெலய ஏத்தப் பாத்திருக்கான்!

— நாம ரெண்டு பேரும் சேந்து எறக்கி வச்சிருக்கோம்.

— இருங்க, இருங்க. அண்ணே, அந்த ஸ்டேரிங்கு கிழட்டு மாடுன்னீங்களே?

— அது... வெலயக் குறைக்கறதுக்காகச் சொன்னது, தங்கச்சி. ஒத்த வெரலு பட்டாப் போதும், பூ மாதிரித் திரும்புது.

— பிரேக்கு?

— ஆட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ஆள் நடந்து போவலாம். அப்படி நின்னுச்சு. தம்பி சொன்ன இருமலு?

— இருமலும் இல்ல, தும்மலும் இல்ல. இந்த மாதிரி எஞ்சின் என் போட்டுக்கு அமைஞ்சா நான் அந்தமானுக்கே போயிட்டு வருவேன்.

— அப்ப வண்டி ஏ ஒண்ணுன்னு சொல்லுங்க.

— ஏ ஒண்ணுண்ணே.

— அப்படின்னா தம்பி, மனசு கோணக் கூடாது. மொதல்ல வண்டியில ஏறுனது நான்.

— அதெப்படிண்ணே? நாலுன்னு மொதல்ல சொன்னது நான்.

— துண்டு யாருது?

— துண்டுக்கும் வண்டிக்கும் இன்னா சம்பந்தம்?

— எங்க சம்பந்தி வூட்டு வாசல்ல மூணு வருசமா ஒரு காரு நிக்குது தம்பி. தில்லையம்மா அங்க போவுறப்பெல்லாம் மினிபஸ்ஸுல எறங்கிச் சந்து வழியா நடந்து போறா, அவுங்க கண்ணுல படக் கூடாதுன்னு. வர்ற பொங்கலுக்கு அவளக் காருல கொண்டுபோயி வாசல்ல எறக்கணும். நான் வாக்குக் குடுத்துட்டேன்.

— அண்ணே, நான் பேசலாமா?

— பேசும்மா.

— உங்க வூட்டக்கா சந்து வழியாப் போறாங்க. எனக்குச் சந்தும் இல்லண்ணே, நடுரோட்டுலதான் எறக்கி வுடுறான். "எட்டிப் போ, எட்டிப் போ"ன்னு எத்தினி பேரு மூக்கப் பொத்துறாங்க தெரியுமா? அதே ஆளுங்கதான் சாயங்காலம் என்கிட்ட வந்து வவ்வாலு மீனு இருக்கா, கெழங்கா மீனு இருக்கான்னு கேக்குறாங்க. ஓரோரு நாளு எனக்கே என் மேல நாத்தம் அடிக்குதோன்னு மோந்து பாப்பேன். இன்னிக்கு இந்தப் பின் சீட்டுல ஒக்காந்து வந்தேன் பாருங்க, ஒருத்தன் என்னைய எட்டிப் போன்னு சொல்லல. நீங்க தங்கச்சின்னு கூப்புட்டு, சக்கர தூக்கலா டீ வாங்கிக் குடுத்தீங்க. அவ்ளோதாண்ணே. பொறவு உங்க இஷ்டம்.

— அண்ணே, கண்ணத் தொடச்சுக்குங்க. இவ இப்படித்தான், யாரையாவது அழ வச்சுட்டுத்தான் ஓய்வா.

— அழுவல தம்பி, டீக்கடைப் பொகை. தங்கச்சி, எனக்கு இது வீம்பு, உனக்குப் பொழப்பு. வண்டி உனக்குத்தான். சின்னையன்கிட்ட நானே சொல்றேன், நாலுக்கு மேல ஒரு வெரலு ஏறக் கூடாதுன்னு. ஓனரு எதுத்துப் பேசுனா சாட்சிக்கு நான் நிக்கிறேன். ஆனா ஒண்ணு, பொங்கலன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வண்டிய எனக்குக் குடுக்கணும்.

— ஒரு நாளா? அக்காவ நானே கொண்டாந்து சம்பந்தி வாசல்ல எறக்குறேன்ண்ணே! இவரு ஓட்டட்டும், நான் கதவத் தொறந்து வுடுறேன்.

— போதும் தங்கச்சி, போதும். போயி முன்னாடி ஒக்காரு. இனிமே அது உன் எடம்.

— வள்ளி, அந்தச் செல்போன எடு, அடிச்சுக்கிட்டே இருக்கு. யாருன்னு பாரு.

— சின்னையன்தான்யா. நீயே பேசு, நான் முன் சீட்டுல ஏறணும்.

— அலோ... ஆங், சின்னையா, ஆயுசு நூறுடா உனக்கு... ஆமாண்டா, அந்தக் குமராட்சி அண்ணனும் எங்ககூடத்தான் இருக்காரு. உன் குட்டெல்லாம் வெளிய வந்துடுச்சு... கத்தாத, வண்டி பத்திரமா இருக்கு. பேசி முடிச்சாச்சு, வள்ளி ஏறி ஒக்காந்தாச்சு. ஓனருகிட்ட... என்னாது?... மறுபடியும் சொல்லு... எந்த மரம்?

— என்னாவாம் தம்பி? ஓனரு ஒத்துக்கலியா?

— ஏய்யா, மூஞ்சி ஏன் வெளுக்குது? நாலுக்குக் குடுக்க மாட்டேங்குறாரா? ஒரு வெரலு வேணா ஏத்திச் சொல்லுய்யா!

— வள்ளி... மெதுவா எறங்கு. இது ஏதோ பெரிய ஆபீசரு வண்டி, அந்தச் சல்யூட்டு இதுக்குத்தான். விக்கிற வண்டியும் ஓனரும் காலையிலேருந்து அடுத்த மரத்தடியிலயே நம்மளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்களாம்.