கேட்காமல் நேராக்கிய தாடை

அவைத் தலைவர் அவர்களே, எலும்பின் இயல்பறிந்த ஏந்தல்களே, தழும்பு தெரியாமல் தைக்கத் தெரிந்த தகையோரே, செவிலியச் செல்வங்களே, மயக்க மருந்து கொடுக்கும் மாண்பாளர்களே (உங்களுக்கு இன்று ஓய்வு, அடுத்த அரைமணி நேரம் உங்கள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்), வயதில் மூத்த பெரியோர்களே, வாழ்த்த வந்த தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவோரமாக இடம் பிடித்திருக்கும் அனுபவசாலிகளே! உங்கள் எல்லோருடைய முகங்களுக்கும் என் முதல் வணக்கம்.

முக மறுசீரமைப்பு ஆய்வு நூலின் வெளியீட்டு விழாவில், புகைப்படக் கடை வைத்திருப்பவனுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நூலைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் இயலில், 'திட்டமிடலில் நேர்ந்த பிழைக்கான காரணங்கள்' என்ற தலைப்பின் கீழ், முதல் வரியில் நான் இருக்கிறேன். பெயர் போடவில்லை. பெருந்தன்மை. 'உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவர்' என்று போட்டிருக்கிறார்கள்.

கைதட்டாதீர்கள் ஐயா. அது பாராட்டில்லை.

நானும் உங்கள் தொழில்தான், டாக்டர்களே! உங்களுக்கு முன்பே அந்தத் தொழிலுக்கு வந்தவன். கத்தி எடுக்காமல் கன்னம் குறைத்தவன். மயக்க மருந்தில்லாமல் மரு எடுத்தவன். ரத்தம் சிந்தாமல் ரெட்டைத் தாடையை ஒற்றையாக்கியவன். முப்பத்தோராண்டு! என் கையில் ஒரு நோயாளிகூட இறந்ததில்லை. உங்களில் யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? தலைவர் சிரிக்கிறார். அவருடைய கல்யாணப் படமும் என் கடையில்தான் எடுத்தது. அவர் முடியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நம்மூர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற அம்மையாரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள். அவர் குரலைக் கேட்டு ஓடாத கால் இந்த ஊரில் உண்டா? அவர் 'தாமதமாக' என்றதும் நொந்துகொள்ளாத நெஞ்சுண்டா? குரல் எல்லோருக்கும் தெரியும். முகம்? அவர் உட்காரும் அறை, ஓர் ஆளும் ஒரு மேசையும் ஒரு மைக்கும் மட்டுமே கொள்ளும் அறை. ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி. ஆறாண்டுகளாக அந்த அம்மையாரின் கீழ்த்தாடைக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. கழுத்துத் துணியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். குரல் மாறும்வரை யாரும் கவனிக்கவில்லை.

இந்த மருத்துவமனைக்கு வந்தபோது கட்டி முன்தாடை முழுக்கப் பரவியிருந்தது. புற்று இல்லை, ஆனால் எலும்பைத் தின்னும் ரகம். தாடையை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில், காலிலிருந்து ஒரு மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து, துண்டு துண்டாக வளைத்து, தாடையாக்க வேண்டும். எங்கே வெட்டுவது, எந்தக் கோணத்தில் வளைப்பது என்பதை அறுவைக்கு முன்பே கணினியில் போட்டுப் பார்த்து, அச்சு எடுத்துவிடுகிறார்கள். இந்த நூலில் பாதி அதைப் பற்றித்தான். படித்தேன். பாதி புரிந்தது. ஆக, நூலில் கால்வாசி எனக்குத் தெரியும்.

வழக்கமாக ஒரு பக்கம் கெட்டிருந்தால் நல்ல பக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடுவார்களாம். இந்த அம்மையாருக்கு இரண்டு பக்கமும் கட்டி. திருப்ப எதுவும் இல்லை. சரி, ஆயிரக்கணக்கான தாடைகளைக் கணினிக்குக் காட்டி, அது சொல்லும் சராசரித் தாடையை வைக்கலாம் என்றார்கள். சராசரித் தாடை! ஐயா, நான் ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவன். சராசரி முகத்தோடு ஒருவர்கூட என் கடைப் படியேறியதில்லை.

அந்த அச்சுகளைச் செய்கிற பொறியாளர் இளம்பெண். மருத்துவமனையில் அவருக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். அவருக்குச் சராசரி பிடிக்கவில்லை. "பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று அந்த அம்மையாரின் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கணவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுச் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

அந்தப் படத்தை வைத்துத் தாடை வரைந்தாகிவிட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்சும் வந்துவிட்டது. அறுவைக்கு ஒன்பது நாள். படத்தின் மூலப் பிரதி கிடைத்தால் இன்னும் நுணுக்கமாக அளக்கலாமே என்று ஸ்கேல் அக்கா என் கடைக்கு வந்தார்.

அவையோரே, அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பழுப்பு உறை வைத்திருப்பேன். உள்ளே நெகட்டிவ். வெளியே, வாடிக்கையாளர் சொன்ன திருத்தம் ஒரு பக்கம், நான் செய்த திருத்தம் ஒரு பக்கம். நெகட்டிவ்களை எல்லாம் கடை மாற்றும்போது கழித்துவிட்டேன். உறைகள் மட்டும் பரணில் இருந்தன. தேடி எடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுத் தூசியைத் தட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை. வெளியே என் கையெழுத்து.

'பெண்: தாடை இடப்பக்கம் சாய்வு. நேராக்கியது.'

ஸ்கேல் அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"நேராக்கியதுன்னா?"

"டச்சப்மா."

"எவ்வளவு நகர்த்தினீங்க?"

"கண்ணுக்கு நல்லா இருக்கற அளவுக்கு."

"சார், அதை மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

என் வாழ்க்கையில் நான் கண்ணுக்கு நல்லா இருக்கிற அளவைத் தவிர வேறு அளவை அளந்ததில்லை.

மறுநாள் அவருடைய அறைக்குப் போனேன். சின்ன அறை. மேசையில் வெள்ளைத் தாடை. பக்கத்தில் கல்யாணப் படம். ஒரு பக்கம் அந்த அம்மையார், துணியால் பாதி முகத்தை மூடியபடி. பக்கத்தில் கணவர். மூலையில் பதினாறு வயது மகள், முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, போனில் குனிந்தபடி. தலைமை மருத்துவரும் நின்றிருந்தார். இதோ, இரண்டாம் நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

உறையை வைத்தேன். உண்மையைச் சொன்னேன்.

கணவருக்குக் கோபம். "என்ன சார் உளர்றீங்க? இருபத்திரண்டு வருஷமா பாத்துட்டு இருக்கேன். என் பொண்டாட்டி தாடை எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மையார் துணிக்குள்ளிருந்து சொன்னார்: "நீங்க இருபத்திரண்டு வருஷமா சுவத்தைத்தான் பாத்திருக்கீங்க."

சிரிக்கிறீர்கள். தாய்மார்கள் வரிசையில் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது.

அப்போது தலைமை மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "எப்படியும் புதுசாத்தான் பண்ணப் போறோம். நேராவே வச்சா நல்லாத்தானே இருக்கும்?"

கணவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டமாட்டேன்? என் திருத்தத்துக்கு மருத்துவச் சான்றிதழ் அல்லவா கிடைக்கிறது! நான் தூரிகையால் சொன்ன பொய்யை அவர் எலும்பால் மெய்யாக்கிவிட்டால் என் பாவம் தீர்ந்ததல்லவா?

அம்மையார் அந்த உறையைக் கையில் எடுத்தார். வாடிக்கையாளர் சொன்ன திருத்தம் என்ற பக்கத்தைத் தடவினார். அது வெறுமையாக இருந்தது.

"சார், இதை யாரு பண்ணச் சொன்னாங்க? எங்கப்பாவா? இவங்க வீட்லயா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் பண்ணேன்."

"நான் கேட்டேனா?"

அவையோரே! முப்பத்தோராண்டில் எத்தனை மூக்கு, எத்தனை முகவாய், எத்தனை மச்சம், எத்தனை மாநிறம்! ஒருவராவது என்னை நிறுத்தி இப்படிக் கேட்டதுண்டா? எல்லோரும் நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லச் சொல்ல, நான் ஊரையே கேட்காமல் திருத்திக்கொண்டிருந்தேன். கேட்காமல் கொடுப்பதெல்லாம் கொடையாகுமா? கேட்காமல் திருத்துவதெல்லாம் திருத்தமாகுமா?

சீட்டு வந்திருக்கிறது. 'ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்.' இருபத்திரண்டாண்டுப் பிழையை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். முயல்கிறேன்.

மூலையிலிருந்து அந்த மகள், போனிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்: "அம்மாவுக்கு நேராக்கிட்டா, அப்புறம் எனக்கும் பண்ணிக்கலாம்ல டாக்டர்?"

அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். முடி ஏன் முன்னால் தொங்குகிறது என்பது புரிந்தது. மகளின் மோவாய் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. லேசாக. நான் இருபத்திரண்டாண்டுக்கு முன் அழித்தேனே, அந்த அளவுக்கு. நான் அழித்ததை அந்தத் தாய் மறுபடி பெற்று வளர்த்திருக்கிறார்.

அம்மையார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேல் அக்காவிடம் திரும்பினார்.

"எனக்கு இவ தாடை வேணும்மா."

"அக்கா?" என்றார் அவர், புரியாமல்.

"இவளை அளந்து எனக்கு வைங்க. நான் நேராயிட்டு வந்து நின்னா, இவ யார மாதிரி இருக்கான்னு இவளுக்கு யாரு சொல்லுவா?"

"ஐயோ, வேணாம்மா" என்றாள் மகள். "அசிங்கமா இருக்கும்."

"யாருடி சொன்னா?"

யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் நான் மாட்டியிருந்தேனே, நேரான தாடையுள்ள ஒரு தாயை! பிறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை அதை நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைக் குனிந்து பார்த்து, தானே கணக்குப் போட்டிருக்கிறது.

ஸ்கேல் அக்கா முகத்தை அளக்கும் கருவியை எடுத்தார். "முடியை ஒதுக்கிக்கோ பாப்பா. நகராதே" என்றார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். திரையில் புள்ளி புள்ளியாக அந்தத் தாடை எழுந்தது. பெரிதாக, சுழன்றபடி. ஸ்கேல் அக்கா கோடு போட்டார். "நாலரை மில்லிமீட்டர்" என்று எழுதிக்கொண்டார். பத்தாண்டுப் படிப்புள்ள தலைமை மருத்துவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "இந்த வளைவு ரொம்ப முக்கியம், விட்டுடாதீங்க" என்றார். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

பழைய பிளாஸ்டிக் தாடையை, அந்த நேரான தாடையை, நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். என் கடை மேசையில் இருக்கிறது. தூரிகையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி.

அறுவை நடந்தது. பதினொரு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன. சில மாதம் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். மோவாயின் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, இருக்கும். கீழுதடு மரத்துவிட்டது. உதடு சேர வேண்டிய எழுத்தெல்லாம் ஒழுகிப்போனது. அறிவிப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ரயில் நிலையத்தில் எந்த வாக்கியமும் 'புறப்படும்' என்று முடியாமல் முடியாதே! அந்த ஒரு சொல்லில் எத்தனை முறை உதடு சேர வேண்டும், சொல்லிப் பாருங்கள். தாயும் மகளும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். எட்டு மாதம்.

கல்யாணப் படம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பழைய இடத்திலேயே தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த அம்மையார் அதைக் காட்டி, "அது இவரோட மூத்த சம்சாரம்" என்கிறார். கணவர் மறுப்பதில்லை.

மருத்துவப் பெருமக்களே! உங்கள் நூல் எனக்குப் பிடித்தது. எலும்பை அச்சடிக்கிறீர்கள், நரம்பை இணைக்கிறீர்கள், நாளை ஆய்வகத்தில் எலும்பையே வளர்ப்பீர்கள். வளருங்கள்! வெல்லுங்கள்! உங்கள் கை வளர வளர, எங்கள் முகம் உங்கள் கையில் இன்னும் அதிகமாக இருக்கப் போகிறது. எதையும் செய்ய முடிகிறவனுக்குத்தான் கேட்கிற கடமை அதிகம். எந்த மூக்கையும் வைக்க முடியுமா? எந்த மூக்கு என்று கேளுங்கள்! எந்தத் தாடையையும் வளைக்க முடியுமா? எந்தப் பக்கம் என்று கேளுங்கள்! அழகு எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்த ஒருவன், உங்கள் நூலில் பிழைக்கான காரணமாக உட்கார்ந்திருக்கிறான். அடுத்த பதிப்பில் அந்த வரியில் உங்களில் யாரும் எனக்குத் துணையாக வந்து உட்கார வேண்டாம். இடம் எனக்கே சரியாக இருக்கிறது.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பெயர் போடாமல் விட்ட ஆய்வுக் குழுவுக்கும், எழுந்து போகாமலிருந்த கதவோர அனுபவசாலிகளுக்கும் என் நன்றி. கடைசியாக ஒரு செய்தி. விழா முடிந்ததும் முன்படிக்கட்டில் குழுப்படம். என் கடைதான் எடுக்கிறது. கேட்டவருக்கு மட்டும் திருத்தம். தலைவர் அவர்களே, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். தனியாக வந்து கேளுங்கள்.

அந்த அறிவிப்பைச் செய்ய இப்போது ஒருவர் மேடைக்கு வருகிறார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. குரல் உங்களுக்குத் தெரியும். முகத்தை இன்றுதான் பார்க்கப் போகிறீர்கள். இருவரையும் சேர்த்தே பாருங்கள். அவர் சொல்லப் போகும் வரி எனக்குத் தெரியும்: 'சாப்பாட்டுக் கூடத்துக்குச் செல்லும் கூட்டம், குழுப்படம் எடுத்த பின்னரே புறப்படும்.'

கடைசிச் சொல்லை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வணக்கம்.