அருணின் செல்லுக்கு வரும் எண்

— மாமா, போனை வச்சிராதீங்க. உங்க புள்ள செல்லுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும். படிங்க, போதும்.

— நீ எங்கருந்து பேசற கயலு?

— திருத்தணி ஸ்டேஷன் ரோட்டுல, பிரவுசிங் சென்டர்லருந்து. பி.எட். பீஸ் கட்டறேன். அஞ்சு மணியோட கடைசி.

— யாரைக் கேட்டுகினு கட்டற? புருஷன் போயி வருசம் திரும்பல. இந்தத் தேசப்பன் மருமவ கண்டவன் கடையில குந்திகினு கீறாளா?

— நான் டியூஷன் எடுத்த காசு மாமா. என் பேர்ல இருக்கிற கணக்கு.

— அப்ப உன் பாஸ்வேர்டோ இன்னாவோ, அதைப் போட்டுக் கட்டு. என்னை இன்னாத்துக்குக் கூப்புடற?

— போட்டேன். இப்பல்லாம் அது மட்டும் பத்தாதாம். பேங்க்ல எழுதிக் குடுத்த செல்லுக்கும் ஒரு நம்பர் வருது. ரெண்டும் போட்டாத்தான் உள்ள வுடறான்.

— உன் செல்லு இன்னா ஆச்சு?

— பேங்க் பாரத்துல என் நம்பரை எழுதப் போனப்ப பேனாவைப் புடுங்கினது யாரு? ‘நம்ம வீட்டுப் பொம்பளைங்க நம்பர் வெளியாளுங்க கைக்குப் போவக்கூடாது’ன்னு அவரு நம்பரை எழுத வச்சது யாரு?

— நான்தான். இன்னிக்கும் அதான் சொல்லுவேன்.

— மாத்தறதுக்குப் பத்து நாளாவுமாம். படிங்க மாமா.

— அவன் இருக்கும்போதே படிப்பு வேணாம்னான். செத்தவன் பேச்சுக்கு மரியாத கிடையாதா?

— ஆங், வேணாம்னாரு. என் மூஞ்சியக்கூட பாக்காம சொன்னாரு. அந்தக் கோவத்துல நாலு நாள் நான் பேசல. அஞ்சாம் நாள் பள்ளிப்பட்டு ரோட்டுல பைக்கோட போயிட்டாரு. மெசேஜ் வந்துச்சா இல்லையா?

— வரல.

— மாமா...

— தேசப்பன் பொய் பேசுவானா? கவர் படம் ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு அடிச்சிகினு கீது. அவ்ளோதான்.

— ஐயோ, உள்ள மெசேஜ் ரொம்பிடுச்சு. பழசு ஒண்ண அழிச்சாத்தான் புதுசு வரும். எதையாச்சும் அழிங்க.

— தினம் சார்ஜ் போட்டு வச்சிகினு கீறேன், அழிக்கவா? எல்லாம் நீ அவனுக்குப் போட்டது. ‘சாப்டீங்களா’ன்னு பத்து இருக்குது. ‘மழை வருது, பாத்து வாங்க’ன்னு ஒண்ணு.

— அதெல்லாம் படிச்சீங்களா?

— இந்த வூட்ல வேற யாரு கீறா, படிக்கறதுக்கு?

— அந்த நம்பர் பத்து நிமிசம்தான் செல்லும் மாமா. ஏழு போயிடுச்சு. எதுனா ஒண்ணு. உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும்.

— இரு.

— மாமா? இருக்கீங்களா?

— அழிச்சிட்டேன். வந்துச்சி. எழுதிக்க. நாலு, ஒம்போது, சைபர்... ரெண்டு, ரெண்டு, ஏழு.

— ரெண்டு, ரெண்டு, ஏழு... போயிடுச்சு மாமா! கட்டியாச்சு!

— சரி. இருட்டறதுக்குள்ள கே.ஜி.கண்டிகை பஸ்ஸைப் புடி.

— எதை அழிச்சீங்க?

— உன்னுது ஒண்ணையும் தொடல.

— அப்ப யாருது?

— என்னுது. செல்லு கடைக்காரனை வுட்டு அடிச்சி அவனுக்கு அனுப்பினது. ‘அவளைப் படிக்க அனுப்பினின்னா, என்னை நைனான்னு கூப்புடாத’ன்னு.